கடைசிச் சோடி

"யாரு கூட ஆடுதீக தம்பி?" என்று அண்ணாச்சி கேட்டார்.

திண்ணையில் அட்டைச் சில்லுகள் பரவிக் கிடந்தன. எதிரே ஆள் இல்லை. தனியாகத்தான் என்று சொன்னேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து, சில்லுகளைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அப்பம் யாருட்டத் தோப்பீக?" என்றார்.

கேலியாகக் கேட்டதில்லை. ஐம்பது அறுபது வருஷமாகக் கரிசலில் விதைத்தவர் அவர். தோற்பதற்கு எதிரே ஒன்று இருந்தாக வேண்டும் என்பது அவருக்குச் சாதாரண விஷயம். எனக்கு உடனே பதில் வரவில்லை. விதிப்புத்தகத்தில் பதில் இருந்தது. அதை அவரிடம் சொல்ல எடுத்தபோதுதான் நானே அதைச் சரியாக யோசித்ததில்லை என்று தெரிந்தது. பிறகு யோசித்தேன். யோசனை கவிதையில் வந்து நின்றதால் இங்கே எழுதுகிறேன்.

கடம்பூர் ரயில் நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் எங்கள் வீடு. கோவில்பட்டிக்கும் மணியாச்சிக்கும் நடுவில் இருக்கும் இந்த ஊரை வெளியே அறிந்தவர்கள் பெரும்பாலும் போளியை வைத்து அறிந்திருப்பார்கள். மாலை வண்டி போனபின் தெரு அடங்கிவிடும். அந்த நேரத்தில்தான் ஆட்டம். பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் கொண்டுவந்த பெட்டி. திரும்பும்போது கனம் கருதி விட்டுப்போனாள். ஆட்டத்தின் பெயர் காஸ்கேடியா. வட அமெரிக்காவின் வடமேற்கே பசிபிக் கரையை ஒட்டிய பிரதேசத்துக்கு வழங்கும் பெயர் அது. ராண்டி ஃப்ளின் என்பவர் அமைத்து 2021இல் வெளிவந்தது. ஜெர்மனியில் ஆண்டுதோறும் ஓர் ஆட்டத்துக்குத் தரப்படும் பரிசை 2022இல் பெற்றது.

ஆட்டம் எளிது. அறுகோணமான அட்டைச் சில்லுகள். ஒவ்வொன்றிலும் ஒரு நிலமோ இரண்டு நிலங்களோ வரைந்திருக்கும். மலை, காடு, புல்வெளி, சதுப்பு, ஆறு என்று நிலம் ஐந்து. வட்டமான மரக்காய்கள் நூறு, ஒரு துணிப்பையில். கரடி, மான், சால்மன் மீன், பருந்து, நரி என்று உயிர் ஐந்து, இனத்துக்கு இருபது காய். எந்தச் சில்லில் எந்த உயிர் இருக்கலாம் என்பது சில்லிலேயே குறித்திருக்கும். நடுவே ஒரு சில்லும் ஒரு காயும் சேர்ந்த சோடிகள் நான்கு வரிசையாக இருக்கும். ஒரு சோடியை எடுத்து, சில்லைத் தன் நிலத்தோடு ஒட்டி வைத்து, காயைப் பொருத்தமான இடத்தில் அமர்த்த வேண்டும். கடைசியில் ஒரே நிலம் தொடர்ந்து எவ்வளவு விரிகிறது என்பதற்கும், உயிர்கள் எப்படி அமைந்திருக்கின்றன என்பதற்கும் புள்ளி. மதிப்பிடும் அட்டைகளை மாற்றிக்கொள்ளலாம். நான் முதல் அட்டைகளோடு நின்றுவிட்டேன். அவற்றின்படி கரடிகள் இரண்டிரண்டாக இருக்க வேண்டும். மான்கள் நேர்வரிசையில் நிற்க வேண்டும். மீன்கள் கிளை பிரியாத ஒரு தொடராக ஓட வேண்டும். நரிக்குத் தன்னைச் சுற்றி எத்தனை விதமான உயிர்கள் இருக்கின்றனவோ அத்தனை மதிப்பு. பருந்து தனித்து நிற்க வேண்டும். பக்கத்தில் இன்னொரு பருந்து இருந்தால் அதற்குப் புள்ளியில்லை. எட்டுப் பருந்துகளை ஒன்றையொன்று தொடாமல் நிறுத்தினால் 26 புள்ளி.

நிலம் ஐந்து, உயிர் ஐந்து என்றதும் நம் ஆட்களுக்கு என்ன ஞாபகம் வரும் என்று சொல்லத் தேவையில்லை. எனக்கும் வந்தது. முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்ற பாகுபாட்டில் இந்த ஆட்டத்தைப் பொருத்திப் பார்த்தேன். கருப்பொருள் தாராளமாக இருக்கிறது. உரிப்பொருள் இல்லை. மனிதனே இல்லாத பூமி அது. பாதை, வரப்பு, வீடு, புகை எதுவும் கிடையாது. கூடுவதற்கும் பிரிவதற்கும் யாரும் இல்லாத இடத்தில் நிலம் எதைக் குறிக்கும்? தன்னையே குறித்துக்கொண்டு அழகாகக் கிடக்கிறது. முதற்பொருளிலும் பாதிதான் இருக்கிறது. முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும். இங்கே நிலம் இருக்கிறது, பொழுது இல்லை. ஒருமுறை வைத்த சில்லு ஆட்டம் முடியும்வரை அப்படியே இருக்கும். சதுப்பு வற்றாது. ஆறு மணலாகாது.

இதை ஒரு குறையாக எடுத்துக்கொண்டு, போன பொங்கலுக்கு மகள் வந்திருந்தபோது, இருவருமாகக் கரிசலுக்கென்று ஒரு ஆட்டம் செய்ய உட்கார்ந்தோம். பழைய காலண்டர் அட்டையை வெட்டிக்கொண்டோம். கரிசல், செவல், பொட்டல், ஓடை, கண்மாய் என்று நிலங்களை வரைந்தோம். உயிர்களுக்கு மயில், காட்டுப்பன்றி, முயல், கௌதாரி, பனிக்காலத்தில் வந்துபோகும் பூனைப்பருந்து. அரைமணி நேரத்தில் தகராறு வந்துவிட்டது. கரிசல் சில்லுக்கு என்ன நிறம் பூசுவது? ஐப்பசி கார்த்திகையில் உளுந்தும் மக்காச்சோளமுமாகப் பச்சை. மாசியில் வைக்கோல் நிறம். சித்திரையில் கைநுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும் கறுப்பு. வெடிப்புக்குள் மேல்மண் சரிந்து விழுந்து, மழை வந்ததும் மண் உப்பி வெடிப்பை மூடிக்கொள்ளும். மண்ணே தன்னைக் கீழ்மேலாகப் புரட்டிக்கொள்ளும் நிலம் இது. கண்மாய் சில்லு ஆண்டில் பாதி நாள் பொய். பன்றியை எங்கே குடியமர்த்துவது? பகலில் வேலிக்கருவைக்குள் கிடக்கும், ராத்திரி சோளத்தில் நிற்கும். மகள் சில்லின் பின்பக்கத்தில் இன்னொரு நிலத்தை வரையலாம் என்றாள். எப்போது திருப்புவது என்று கேட்டேன். அதற்கு அவளிடம் விதி இல்லை. என்னிடமும் இல்லை.

தொல்காப்பியம் பாலைக்குத் தனி நிலம் வகுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் முறை திரியும்போது பாலையாகின்றன என்பது சிலப்பதிகாரம் சொல்லும் விளக்கம். இலக்கணமாகப் படித்தபோது இது ஒரு சாமர்த்தியமான வகைப்பாடாக மட்டும் பட்டது. காலண்டர் அட்டையில் நிறம் பூச முடியாமல் உட்கார்ந்திருந்தபோதுதான், அது வரைந்து பார்த்துத் தோற்ற யாரோ கண்டுபிடித்தது என்று தோன்றியது. நிலத்துக்கு நேரக்கூடிய ஒன்றை நிலமாக வரைய முடியாது.

இனி அண்ணாச்சியின் கேள்விக்கு வருகிறேன்.

தனியாக ஆடுகிறவனுக்கு ஒரு விதி உண்டு. நான்கு சோடிகளில் ஒன்றை நான் எடுத்து வைத்தபின், எஞ்சியதில் சில்லு அடுக்கிலிருந்து மிகத் தள்ளி இருக்கும் சோடியை எடுத்து அப்புறப்படுத்த வேண்டும். மற்றவை அந்தப் பக்கமாக நகர்கின்றன. காலியான இடத்தில் புதியவை வருகின்றன. இப்படி இருபது முறை. அப்புறப்படுத்திய சோடி திரும்பாது. எதிராளி என்று உண்டென்றால் அது இந்த ஒரு அசைவுதான். அதற்கு நிலம் இல்லை, புள்ளி இல்லை, ஜெயிக்கும் ஆசை இல்லை. என் நிலத்தைப் பார்ப்பதும் இல்லை. கடைசியில் இருப்பதை எடுத்துக்கொண்டு போகும், அவ்வளவுதான்.

வேறு ஆட்டங்களில் இதைவிட விஸ்தாரமான எதிராளிகள் உண்டு. மார்ட்டென் மொன்ராத் பெடர்ஸன் என்ற டென்மார்க்காரர் 2013இல் வெளிவந்த திராட்சைத் தோட்ட ஆட்டம் ஒன்றுக்காக ஒரு கட்டுச் சீட்டுகளை எதிராளியாக அமைத்து, அதற்கு ஆட்டோமா என்று பெயர் வைத்தார். பறவைகளைப் பற்றிய விங்ஸ்பானிலும் (2019) அது உண்டு. ஒரு சீட்டைப் புரட்டினால் அது ஒரு முட்டை இடும், ஒரு பறவையை எடுத்துக்கொள்ளும், புள்ளியும் சேர்க்கும். அதில் ஒரு ஆளின் சாயல் இருக்கிறது. காஸ்கேடியாவின் எதிராளியில் அந்தச் சாயலும் உதிர்ந்துவிட்டது. மிஞ்சியது ஒரு திசையும் ஒரு கழித்தலும். அதாவது, பொழுது. இல்லை என்று நான் குறைபட்ட முதற்பொருளின் மறுபாதி இந்த வாசல் வழியாக உள்ளே வந்திருக்கிறது. நிலத்தில் ருதுக்கள் இல்லை. நிலமாகியிருக்கக் கூடியது மட்டும் நிமிஷத்துக்கு நிமிஷம் கடந்து போகிறது.

இந்த எதிராளியைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதை அசைப்பது என் கை.

1770இல் வியன்னாவில் கெம்பெலன் என்பவர் மரியா தெரேஸா அரசியின் சபையில் சதுரங்கம் ஆடும் பொம்மை ஒன்றைக் காட்டினார். துருக்கியன் போல உடுத்திய பொம்மை, அதன் முன்னால் ஒரு பெட்டி, பெட்டியின் மேல் கட்டம். பெட்டியைத் திறந்தால் சக்கரங்கள் தெரியும். சக்கரங்களுக்குப் பின்னால் ஒரு ஆள் மடங்கி உட்கார்ந்திருந்தான். நெப்போலியன் அந்தப் பொம்மையோடு ஆடியிருக்கிறான். உள்ளே ஆள் இருக்கிறான் என்று 1836இல் எட்கர் ஆலன் போ ஒரு கட்டுரையில் வாதிட்டார். 1854இல் பிலடெல்ஃபியாவில் நேர்ந்த தீயில் பொம்மை அழிந்தது. உள்ளே ஆள் இல்லாமலே ஆடும் யந்திரம் 1912இல் ஸ்பெயினில் வந்தது. தோரெஸ் கெவெதோ செய்தது. ராஜாவும் யானையும் ஒரு பக்கம், தனி ராஜா மறுபக்கம் என்ற இறுதிக்கட்டத்தை மட்டும் அது ஆடும். தவறாமல் ஜெயிக்கும். வால்டர் பெஞ்சமின் 1940இல் சரித்திரத்தைப் பற்றி எழுதிய குறிப்புகளை இந்தத் துருக்கிப் பொம்மையோடுதான் தொடங்குகிறார். அவருக்குப் பொம்மை சரித்திரப் பொருள்முதல்வாதம். உள்ளே ஒளிந்திருக்கும் குள்ளன் இறையியல்.

என் திண்ணையில் பெட்டிக்குள் இருக்கும் ஆள் நான். ஆனால் துருக்கியனுக்குள் இருந்தவன் தன் புத்தியை அந்தப் பொம்மைக்குக் கொடுத்தான். நான் என் புத்தியைக் கொடுக்கக்கூடாது. கையை மட்டும் கொடுக்க வேண்டும். எனக்கு மிகவும் வேண்டிய ஆற்றுச் சில்லு கடைசியில் நின்றால், அதே கையால் எடுத்து ஓரத்தில் போட வேண்டும். சொல்வதற்கு எளிது.

இது கஷ்டம் என்று எனக்குச் சின்ன வயதிலேயே தெரிந்திருக்க வேண்டும். அப்பா காலமானபின் அம்மா மத்தியானங்களில் பல்லாங்குழிப் பலகையை எடுத்து வைத்துக்கொண்டு தனியாக ஆடுவாள். தனியே ஆடுவதற்கென்று சீதைப் பாண்டி என்ற வகை உண்டு. அசோகவனத்தில் சீதை ஆடியது என்பார்கள். அம்மா அதை ஆடவில்லை. சாதாரண ஆட்டத்தையே இரண்டு பக்கமும் தானே ஆடினாள். புளியமுத்தை இந்தப் பக்கக் குழியிலிருந்து எடுத்துச் சுற்றி வருவாள். வெற்றுக்குழி வந்து நின்றதும் பலகையைத் திருப்பிவைக்க மாட்டாள். தானே எழுந்து மறுபக்கம் போய் உட்கார்ந்து ஆடுவாள். யாரு ஜெயிச்சா என்று கேட்டால், "அந்தப் பக்கத்துக்காரி" என்பாள். எந்தப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும் அதுதான் பதில். சிரித்துக்கொண்டு சொன்னதாகத்தான் ஞாபகம். அப்போது நான் கேலி செய்தேன். நானும் அதே திண்ணையில் கரித்துண்டால் கோடு கிழித்து, மூன்று புலியும் பதினைந்து ஆடுமாகத் தனியே ஆடிப் பார்த்திருக்கிறேன். ஒருநாளும் புலி ஜெயித்ததில்லை. ஆட்டுக்குப் பரிந்து, புலியாக இருக்கும்போது கண் தெரியாதவனாகிவிடுவேன். மனசை இரண்டாகப் பிளந்து இரண்டுக்கும் நியாயம் செய்வது அம்மாவுக்குச் சாத்தியமாக இருந்தது. அதற்காக அவள் எழுந்து நடந்தாள் என்பது இப்போதுதான் உறைக்கிறது.

போன மார்கழியில் ஒரு ராத்திரி நான் ஏமாற்றினேன்.

பதினேழாவது முறை. நான்கு மீன்கள் தொடராக இருந்தன. ஆறு இரண்டு துண்டாகக் கிடந்தது. வரிசையின் கடைசியில், இரண்டு துண்டையும் சேர்க்கும் ஆற்றுச் சில்லு, கூடவே ஐந்தாவது மீன். ஆனால் எட்டாவது பருந்துக்கும் அப்போதுதான் வாய்த்தது. பருந்தை எடுத்து வைத்தேன். விதிப்படி ஆற்றையும் மீனையும் எடுத்து அப்புறப்படுத்த வேண்டும். தெருவில் யாரும் இல்லை. மின்விளக்கைச் சுற்றி ஈசல் பறந்துகொண்டிருந்தது. கை கடைசிச் சோடிக்குப் போகாமல் அதற்கு முந்தியதை எடுத்தது. அடுத்த முறை ஆறு சேர்ந்தது, மீன் ஓடியது. 97 புள்ளி. எனக்கு வழக்கமாக எண்பதுகளில்தான் வரும்.

குற்றவுணர்ச்சி என்று பெரிதாகச் சொல்ல எதுவும் இல்லை. அட்டைச் சில்லுக்கு யாரும் பாவம் சுமப்பதில்லை. நேர்ந்தது வேறு. அன்றைக்கு அதுவரை நான் இழந்திருந்த பதினாறு சோடிகளும் திடீரென்று வேறு பொருள் கொண்டன. அவை பறிபோனவையாக இருந்தன. இப்போது நான் விட்டுக்கொடுத்தவையாகிவிட்டன. ஒன்றைக் காப்பாற்ற முடியும் என்றால் மற்றவற்றை ஏன் காப்பாற்றவில்லை என்ற கேள்வி ஒவ்வொன்றிலிருந்தும் எழுந்தது. எதிராளி ஒரே கணத்தில் இல்லாமல் போனான். எதிரே இருந்தது என் சலுகை. நான் வைத்திருந்த நிலம் முழுவதும் அந்தச் சலுகையில் கிடைத்ததாகத் தெரிந்தது, ஒழுங்காகக் கிடைத்த பகுதிகளும் சேர்த்து. 97ஐ நோட்டில் எழுதவில்லை. அதற்குப்பின் நான்கைந்து நாள் பெட்டியைத் திறக்கவும் இல்லை.

விருப்பமற்ற எதிராளியோடு வாழ்வது இங்கே புதிய விஷயமில்லை. வடகிழக்குப் பருவமழையை நம்பிப் புரட்டாசி ஐப்பசியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்க்கும் ஊர் இது. மழை யாரையும் வஞ்சிப்பதில்லை, யாருக்கும் இரங்குவதும் இல்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் இதே மாவட்டத்தின் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பெய்தது. மாவட்டம் ஒரு முழு ஆண்டில் சராசரியாகப் பெறுவதைவிட அது அதிகம். இங்கே எங்கள் பக்கத்திலும் முளைத்தது தண்ணீருக்குள் அழுகியது. மழையே இல்லாமல் கருகிய வருஷங்களைப் போலத்தான் அதையும் அண்ணாச்சி சொல்கிறார். இரண்டுக்கும் ஒரே வாக்கியம்: "அது பாட்டுக்குப் போயிட்டு."

ஆனால் மழை பறித்துக்கொண்டு போவது ஒன்று. நம் கையாலேயே எடுத்துப்போட வேண்டிவருவது வேறொன்று. அதையும் பார்த்திருக்கிறேன். கம்பு முழங்கால் உயரம் வந்த நேரத்தில் மழை நின்றுவிட்ட ஒரு வருஷம். ஈரம் எல்லாப் பயிருக்கும் காணாது. அம்மா ஒன்றுவிட்டு ஒரு வரிசையாகப் பயிரைப் பிடுங்கிக்கொண்டு போனாள். பள்ளிக்கூடம் இல்லாத நாள், நான் பிடுங்கியதைக் கட்டுக்கட்டித் தொழுவுக்குச் சுமந்தேன். பிடுங்கும் வரிசையில் ஒரு தூர் மற்ற எல்லாவற்றையும்விடத் திடமாக நின்றது. இதை விட்டுவிடலாம் அம்மா என்றேன்.

"ஏய்யா, ஒண்ணப் பாத்தா எல்லாத்தயும் பாக்கணும்" என்றாள். சொல்லிக்கொண்டே அதைப் பிடுங்கினாள்.

அவள் கண்ணுக்கு அந்தத் தூர் தெரியவில்லை என்பதில்லை. பிடுங்குவது வரிசையின் வேலை, தன் வேலை இல்லை என்று கையை ஒப்படைத்திருந்தாள். ஒவ்வொரு தூராகத் தேர்ந்தெடுக்கத் தொடங்கினால் அந்தி சாயும்வரை ஒன்றையும் பிடுங்க முடியாது. நிற்கும் பயிர் முழுவதும் வாடும். மார்கழி ராத்திரி நான் இழந்தது அவள் சொன்ன அந்த எல்லாவற்றையும்தான்.

கவிதைக்கு வருகிறேன். யாப்பு ஒரு எதிராளியாக இருந்தது. அதற்கும் விருப்பம் கிடையாது. வெண்பா எழுதுகிறவனுக்குக் கனிச்சீர் உதவாது. அந்தச் சொல் எவ்வளவு உயிரோடு வந்து நின்றாலும் அப்புறப்படுத்த வேண்டும். ஈற்றடி மூன்று சீரில் நின்று, நாள், மலர், காசு, பிறப்பு என்ற வாய்பாடுகளில் ஒன்றில் முடிய வேண்டும். மொழியில் வரக்கூடிய சோடிகளில் பலவற்றை அது கவிஞனைக் கேட்காமல் எடுத்துக்கொண்டு போயிற்று. போனதற்காகக் கவிஞன் வருந்தலாம். ஆனால் நான் விட்டுக்கொடுத்தேன் என்று வருந்தத் தேவையில்லை. 1959இல் செல்லப்பா 'எழுத்து' தொடங்கியபின், பிச்சமூர்த்தியிலிருந்து கிளம்பிய வழியில் வந்தவர்கள் அந்த எதிராளியை வேண்டாம் என்றார்கள். சரியான காரியம் என்றே நினைக்கிறேன். யாப்பு அதற்குள் பொழுதாக இல்லாமல் பழக்கமாகியிருந்தது. எந்தச் சில்லு வரும் என்று முன்கூட்டியே தெரிந்த அடுக்கோடு ஆடுவது போல ஆகியிருந்தது. ஆனால் எதிராளி போனபின் மிஞ்சியது ஆட்டுக்குப் பரிந்து புலியாடும் ஒருவன். புதுக்கவிதை எழுதும் ஒவ்வொருவனும் திண்ணையில் தனியாக இருக்கிறான். எடுத்துப்போட வேண்டிய கை அவனுடையது. எதை எடுத்துப்போட வேண்டும் என்று சொல்லும் விதியும் அவனுடையது. பிடித்த படிமம் கடைசியில் நிற்கும்போது அதற்கு முந்தியதை எடுப்பதை யாரும் பார்ப்பதில்லை.

பொதுவாகச் சொல்லித் தப்பிக்க நான் விரும்பவில்லை. அம்மா காலமான வருஷம் நாற்பது வரியில் ஒரு கவிதை எழுதினேன். நண்பர்கள் சிலர் படித்திருக்கிறார்கள், நன்றாக இருக்கிறது என்றும் சொன்னார்கள். இந்த மார்கழிக்குப்பின் அதை எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு வரியும் எனக்குப் பிடித்திருந்தது. அதுதான் அதன் கோளாறு. பல்லாங்குழியின் இரண்டு பக்கமும் நானே உட்கார்ந்து, எழுந்து நடக்காமலே ஆடிய கவிதை. ஒரு வரியும் எனக்கு எதிராக நிற்கவில்லை.

ஒரு விதி செய்துகொண்டேன். முதலிலிருந்து மறுபடி எழுதுவது. இரண்டு வரி எழுதினால், இருப்பதில் ஆகப் பழைய ஒரு வரியை அடித்துவிடுவது, அது என்னவாக இருந்தாலும். எழுதும்போது எது போகப்போகிறது என்று தெரியும். தெரிந்துகொண்டு அடுத்த வரியை எழுத வேண்டும். நாற்பது எழுதியதில் இருபது மிஞ்சியது. போனவற்றில் பலகையின் குழிகளைப் பற்றிய ஒரு வரி இருந்தது. அந்தக் கவிதையையே நான் அந்த வரிக்காகத்தான் எழுதினேன் என்று பல வருஷம் நினைத்திருந்தேன். அதைத் தாண்டி ஒரு வரி முன்னதாக அடிக்கலாமா என்று கை நின்றது, அன்று ராத்திரி நின்றதைப் போல. அடித்தேன்.

மிஞ்சிய இருபது வரி முன்னதைவிட நல்ல கவிதையா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. விதி முரட்டுத்தனமானது, அடுத்த கவிதைக்கு இதையே வைத்துக்கொள்வேன் என்றும் இல்லை. ஆனால் படித்தால் அம்மா அதற்குள் எனக்குத் தெரியாத ஒரு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். முன்னதில் நான் வைத்த இடத்தில் இருந்தாள்.

அண்ணாச்சி இப்போதெல்லாம் மாலை வண்டி போனதும் வந்துவிடுகிறார். விதி முழுவதையும் சொன்னேன். யாரிடம் தோற்கிறேன் என்ற கேள்விக்குக் கடைசிச் சோடியைக் காட்டினேன். அவருக்குத் திருப்தியில்லை. அது எடுத்துக்கொண்டு போய் என்ன செய்யும் என்று கேட்டார். ஒன்றும் செய்யாது என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். போன வாரம், "நீங்க ஆடுங்க தம்பி, கடேசிய நான் எடுத்துப் போடுதேன்" என்றார். சரி என்று ஒப்புக்கொண்டேன். பெட்டிக்குள் இருக்கும் வேலையை இன்னொருவர் செய்தால் என் பாதி பாரம் குறையும்.

நாலைந்து முறை ஒழுங்காக எடுத்துப் போட்டார். பிறகு ஒரு கரடி கடைசிக்கு வந்தது. என் நிலத்தில் ஒற்றைக் கரடி ஒன்று சோடிக்காகக் காத்துக்கொண்டிருப்பதை அவர் கவனித்திருக்கிறார். கை அந்தரத்தில் நின்றது.

"இது இருக்கட்டுமே தம்பி. அதுக்கு ஒரு தொண ஆகும்லா."

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் கரடிக்கு முந்தியதை எடுக்கப் போய், அதில் நரி இருப்பதைப் பார்த்து அதையும் விட்டார். அதற்கு முந்தியதில் ஒரு மான் இருந்தது. மூன்றையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, "நீங்களே எடுத்துப் போடுங்க" என்றார்.

கரடியை எடுத்து ஓரத்தில் போட்டேன்.